கட்டுச்சோறும் கொதிநீரும்

புதுதில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு விரைவு ரயிலில் பயண நேரம் ஏறத்தாழ 33 மணி. கட்டிச் செல்லும் புளியோதரை அதுவரை தாங்கும். குழந்தைக்கும் நோயாளிக்கும் வேண்டிய கஞ்சி தாங்காது. பிறகு விற்பனை உணவே கதி. ரயில்களிலும் நிலையங்களிலும் மனிதர் உண்ணத் தகுதியற்ற உணவு விற்கப்பட்டதை, 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சுட்டிக்காட்டியது.

அதற்காகப் பெட்டிக்குள் அடுப்பு மூட்டுவதை ஏற்க இயலாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், சுற்றுலாப் பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் மூண்ட தீ 9 உயிர்களைப் பறித்தது. தடை சரியே, ஆனால், தடை விதிப்பதோடு ரயில்வேயின் கடமை முடிந்துவிடுவதில்லை.

சீன ரயில்களில் பயணிகளுக்குக் கொதிநீர் இலவசம். அவலோ சத்துமாவோ கைவசம் இருந்தால், கொதிநீர் ஒன்றே போதும்; சில ரூபாய்ச் செலவில் சத்தான உணவு தயாராகிவிடும். 2023-இல் பொதுப் பெட்டிகளுக்கு எதிரே 20 ரூபாய் உணவு விற்க முன்வந்த ரயில்வேக்கு, அதே நடைமேடையில் கொதிநீர்க் குழாய் அமைப்பது அரிய செயலன்று.

ரயில்வே மானியக் கோரிக்கை விவாதத்தில் புதிய ரயிலும் கூடுதல் நிறுத்தமும் கேட்கும் உறுப்பினர்கள், இதையும் கேட்க வேண்டும்.