ஒப்பிப்பது திருப்புதல் ஆகாது

பரீட்சை நெருங்கிவிட்டால் குட்வில் எஸ்டேட்டில் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் உரத்துப் படிக்கும் சப்தம் வீதிவரை கேட்கிறது. கணக்கும் விஞ்ஞானமும் ஒருவாறு ஓடிவிடும். ஆங்கிலம் என்றால்தான் பிள்ளைக்கும் கிலி, பெற்றோருக்கும் கிலி. இருக்கிற பணத்தைத் திரட்டி டியூஷனுக்குக் கட்டுகிறோம்.

ஆனால் திருப்புதல் என்ற பெயரில் நடப்பது என்ன? தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம், இரண்டு மூன்று கட்டுரைகள். இவற்றைக் கைடில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். கேள்வி சற்றே மாறி வந்தால் பேனா நின்றுவிடுகிறது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2024-25 பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளையே கணக்குப் பார்ப்போம். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். பாடநூல் இலக்கியத்துக்கு 40. முன்பின் பார்த்திராத பத்திகளை வாசித்து விடை எழுத 20. இலக்கணத்துக்கு 10. கடிதமும் பத்தியும் எழுத 10. ஆகப் பாதித் தாள் பாடநூலுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பாதிக்கு மனப்பாடம் எப்படிக் கைகொடுக்கும்?

இந்தத் தீவுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிகோபாரி என்று பல மொழிகள் சூழ்ந்திருக்கின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது பெரும்பாலும் வகுப்பில்தான். அந்தக் கொஞ்ச நேரமும் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் போய்விட்டால், வாசிப்பதற்கும் சொந்தமாக எழுதுவதற்கும் வேளை ஏது?

வழி இல்லாமல் இல்லை. புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, "இது எதைப் பற்றியது?" என்று முதலில் தமிழிலேயே சொல்லச் சொல்லலாம். பொருள் பிடிபட்ட பிறகு ஆங்கிலக் கேள்விக்குப் போகலாம். கருத்தைப் பிடிக்கும் திறமை ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமானதல்ல. தமிழில் அதைப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது உதவும்.

எழுதுவதற்கும் கைடில் உள்ள கற்பனை ஊர் வேண்டாம். கோடையில் குடிநீர் முறைவைத்து வருவதைப் பற்றி எழுதட்டும். சென்னைக் கப்பலின் தேதி மாறியதால் பட்ட அவதியை எழுதட்டும். நம்மில் பலர் குமாஸ்தாக்கள். மனு என்றால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? யார், என்ன குறை, எந்தத் தேதி முதல், என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் சின்ன வாக்கியங்களே போதும். இவை இல்லாமல் அலங்காரமாக இரண்டு பக்கம் எழுதினாலும் அந்த மனு நகராது.

திருத்திக் கொடுத்ததை மறுபடி எழுத வைப்பதுதான் முக்கியம். சிவப்பு மையைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினால் அதே பிழை அடுத்த வாரமும் வரும்.

இத்தனை நோட்டுகளை ஆசிரியர் எப்படித் திருத்துவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வாரம் வினைச்சொல் பிழை மட்டும், மறு வாரம் வாக்கிய அமைப்பு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாரம் குறையும். பிள்ளைகளே நோட்டை மாற்றிக்கொண்டும் பார்க்கலாம்.

மனப்பாடம் செய்தாவது பாஸ் ஆகட்டுமே என்பவர்களும் உண்டு. 33 வாங்க அது சிலருக்கு உதவலாம். ஆனால் அதே பிள்ளை நாளை ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் பரீட்சைக்கு உட்காரும்போது அங்கேயும் முன்பின் பார்த்திராத ஆங்கிலப் பத்தி காத்திருக்கும். அதைத் தாண்டி உத்தியோகத்துக்கு வந்தாலும், பள்ளியில் ஒப்பித்த கடிதம் எந்த மேஜையிலும் செல்லாது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இரவில் பத்து நிமிஷம் இந்தப் பத்திரிகையிலிருந்தே ஒரு செய்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, சாராம்சத்தைக் கேளுங்கள். ஆசிரியர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோளும் ஒன்றுதான்: பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது கைடை மூடச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் தங்கள் குறையைத் தாங்களே எழுதிக் கேட்கப் பழகட்டும்.