குளூட்டனை விட்டால் உடம்பு தேறிவிடுமா?

"கோதுமையை நிறுத்தினேன், வயிற்று உப்புசம் போயிற்று, ஆகவே குளூட்டன் எல்லோருக்கும் கெடுதல்" என்கிறார்கள். உப்புசம் போனது உண்மை. சொல்லும் காரணம்தான் தவறு.

ஒன்று: நிறுத்தியது கோதுமையிலுள்ள புரதமான குளூட்டனை மட்டுமா? பரோட்டா, பப்ஸ், கேக், பிஸ்கட் எல்லாம் சேர்ந்தல்லவா போயின? குணம் தந்தது எது என்று எப்படித் தெரியும்?

இரண்டு: கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் உண்டு. குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குவது அது. 2018இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இல்லாமலே குளூட்டனை ஒதுக்கிவந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மியூஸ்லி பார்களைக் கொடுத்தார்கள். அதிகம் தொல்லை தந்தது ஃப்ரக்டான் கலந்த பார். குளூட்டன் கலந்ததற்கும் இரண்டும் கலக்காததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. அவற்றை யார் பழிக்கிறார்கள்?

மூன்று: 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட்ட பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அரிசி மாவு, ஸ்டார்ச், சர்க்கரை. இதில் ஆரோக்கியம் எங்கே?

ஆனால் குளூட்டனை உண்மையிலேயே விடவேண்டியவர்களும் இருக்கிறார்கள்: சீலியாக் நோய் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு உண்டு. மைதா கலந்த பெருங்காயம்கூட அவர்களுக்கு ஆகாது. கோதுமையை முன்பே விட்டுவிட்டால் ரத்தப் பரிசோதனையில் அந்த நோய் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.