மைனஸ் 12 பவர்... கோடு எது?

அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்குரிய கோடைப் பதிவதுதான் மெடிக்கல் கோடிங். சென்னையில் பலருக்கு இதுதான் வேலை.

கண்ணாடி போட்டால் சரியாகும் கிட்டப்பார்வைக்கு 'எச்52.1'. விழிக்கோளம் நீண்டு, கண்ணின் உட்புறம் சிதையத் தொடங்கினால் 'எச்44.2'. முன்னது பார்வைக் குறை. அங்கே பல மருத்துவக் காப்பீடுகள் அதற்குப் பணம் தருவதில்லை. பின்னது நோய்.

சரி, 'மைனஸ் 12' என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால்? பவரை வைத்து கோடர் 'எச்44.2' போட முடியாது. சிதைவு இருக்கிறதா, எந்தக் கண், புது ரத்தக்குழாய் முளைத்திருக்கிறதா, விழித்திரை விலகியிருக்கிறதா... எல்லாவற்றையும் டாக்டர்தான் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால், பார்வையைக் காப்பாற்றும் ஊசிக்கான கிளெய்ம் திரும்பிவிடலாம்.

அதனால்தான் நல்ல கோடர் ஊகிப்பதில்லை, டாக்டரிடமே கேட்டுவிடுகிறார்!