கடலுக்குப் போயிட்டு வாங்க... கேரவன் வாங்கிட்டு வராதீங்க!



இங்கிலாந்துல வெயில் அடிக்க ஆரம்பிச்சா, நம்ம ஆட்களோட வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ கண்டிப்பா வந்துடும். பின்னாடி கடல், முன்னாடி ஒரு கேரவன், அதோட மரப்படியில மொத்தக் குடும்பமும் சிரிச்சிட்டு நிக்கும். கீழே ஒரு வரி: "எங்களோட ஹாலிடே ஹோம்!"

அந்தப் போட்டோவுல நாங்களும் நின்னிருக்க வேண்டியது. கையெழுத்துப் போடுற வரைக்கும் போயிட்டோம். அதனால இது அடுத்தவங்களைக் கிண்டல் பண்ற பதிவு இல்ல. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: இங்கிலாந்து கடற்கரைக்கு வருஷத்துக்கு நாலு தடவை கூட போங்க. ஆனா வேலைக்குப் போற, ஸ்கூல் பிள்ளைங்க இருக்கிற குடும்பத்துக்கு ஸ்டாட்டிக் கேரவன் ஒரு மோசமான செலவு. அதை முதலீடுன்னு யாராவது சொன்னா நம்பவே நம்பாதீங்க.

அந்த சனிக்கிழமை நடந்தது

நாங்க இருக்கிறது லெஸ்டர். இங்கேயிருந்து கடலுக்குப் போறதுன்னாலே பெரும்பாலானவங்க ஸ்கெக்னஸ் பக்கம்தான் வண்டியைத் திருப்புவாங்க. போன ஆகஸ்ட் மாசம் அந்தக் கரையில ஒரு கேரவன் பார்க்ல மூணு ராத்திரி வாடகைக்கு எடுத்தோம். 540 பவுண்டு. கடல் தண்ணி ஆகஸ்ட்லயும் ஜில்லுனுதான் இருந்துச்சு, காத்து புளிசாதத்துல மணலை அள்ளிப் போட்டுச்சு. ஆனா என் பொண்ணு அவ்வளவு சிரிச்சு நான் பார்த்ததில்ல.

சனிக்கிழமை காலையில பார்க் ஆபீஸ்ல கூப்பிட்டு காபி கொடுத்தாங்க. "சும்மா ஒரு ரவுண்டு பாருங்க"ன்னு மூணு கேரவனைக் காட்டினாங்க. ரெண்டு பெட்ரூம், சோபா, டிவி, கேஸ் அடுப்பு, எல்லாம் இருக்கு. விலை 35,000 பவுண்டு. "ஓனர் ஆயிட்டா எப்ப வேணா வரலாம்"னாங்க. பொண்ணு அதுக்குள்ள தனக்கு எந்த ரூம்னு முடிவு பண்ணிட்டா.

எங்ககிட்ட ஏறக்குறைய அவ்வளவு பணம் இருந்துச்சு. வீட்டுக் கடனோட ஃபிக்ஸட் வட்டி முடியும்போது அசல்ல ஒரு பெரிய துண்டைக் கட்டிடலாம்னு ஆறு வருஷமா சேர்த்த காசு. டெபாசிட் கட்டிடலாமான்னு நான் கேட்டேன். என் மனைவி ஒண்ணுதான் சொன்னாங்க: "என்னங்க, இந்தக் காசு எதுக்குன்னு எடுத்து வெச்சோம்? ஒரு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்லுங்க."

போட்டேன். நல்லவேளை போட்டேன்.

நீங்க எதுக்கு ஓனர்?

வீடு வாங்கினா நிலமும் சேர்ந்து வரும். காலம் போகப் போக நிலத்தோட மதிப்பு ஏறலாம். கேரவன்ல நீங்க வாங்குறது பெட்டியை மட்டும்தான். அது நிக்கிற இடம் பார்க் முதலாளியோடது. அங்கே நிறுத்தி வைக்க உங்களுக்கு ஒரு லைசென்ஸ் கொடுப்பாங்க, அதுக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிஞ்சா பெட்டியை எடுத்துட்டுப் போகணும், இல்லைன்னா அவங்க சொல்ற விலைக்குக் கொடுக்கணும். பழசான கேரவனை ஷெட்டுல போட்ட காரு மாதிரிதான் பார்ப்பாங்க.

ஹாலிடே லைசென்ஸ் எடுத்த கேரவன்ல நிரந்தரமா குடியிருக்க முடியாது. உங்களுக்கு வேற இடத்துல வீடு இருக்கணும். நிறைய பார்க்குகளைக் குளிர்காலத்துல சில வாரம் மூடிடுவாங்க. சாதாரண வீட்டுக் கடன் இதுக்குக் கிடைக்காது. பணம் இல்லைன்னா அதிக வட்டியில தனிக் கடன்தான். விக்கணும்னா விலையில 15% வரை கூட பார்க்குக்கு கமிஷன் கொடுக்கணும்னு ஒப்பந்தத்துல போட்டிருப்பாங்க. இது எதுவும் ரகசியம் இல்ல, எல்லாமே பேப்பர்ல இருக்கும். ஆனா காபி குடிக்கும்போது யார் அதைப் படிக்கிறா?

10 வருஷக் கணக்கு

எனக்குச் சொன்ன விலையையும், நான் வெச்ச அனுமானத்தையும் போட்டிருக்கேன். உங்க நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க.

- வாங்கின விலை 35,000. 10 வருஷம் கழிச்சு 5,000-க்குப் போச்சுன்னு வெச்சுக்கோங்க. நஷ்டம் 30,000 பவுண்டு.
- சைட் ஃபீஸ் முதல் வருஷம் 5,000. வருஷா வருஷம் 4% ஏறினா, 10 வருஷத்துக்கு மொத்தம் சுமார் 60,000 பவுண்டு.
- இன்சூரன்ஸ், கேஸ், கரண்ட், குளிர்காலத்துக்கு முன்னாடி பைப்புல இருக்கிற தண்ணியை வடிக்கிற செலவு எல்லாம் சேர்த்து வருஷம் 1,000. மொத்தம் 10,000 பவுண்டு.

ஆக மொத்தம் ஒரு லட்சம் பவுண்டு! வருஷத்துக்கு 10,000.

இதோட முடியல. அந்த 35,000 நம்ம கையில 4% வட்டியில 10 வருஷம் இருந்திருந்தா சுமார் 51,800 ஆகியிருக்கும். அந்த 16,800-ம் போச்சு.

சரி, எத்தனை ராத்திரி தங்குவோம்? கோடையில ஒரு வாரம், ஈஸ்டருக்கு ஒரு வாரம், அஞ்சு நீண்ட வார இறுதி. தாராளமா 30 ராத்திரின்னு வைங்க. அப்போ ஒரு ராத்திரிக்கு 333 பவுண்டு. நாங்க வாடகைக்கு இருந்ததே ஆகஸ்ட் மாசம், விலை உச்சத்துல இருக்கும்போது. அப்பவே ஒரு ராத்திரிக்கு 180 பவுண்டுதான் ஆச்சு. அதே உச்ச விலையில 30 ராத்திரி எடுத்தாலும் 5,400 பவுண்டு. ஓனர் ஆகிறதுல பாதிதான்!

"நாம போகாத நேரத்துல வாடகைக்கு விடலாமே?" நானும் கேட்டேன். நல்ல வாடகை வர்றது ஸ்கூல் லீவுல. நமக்கு வேணுங்கிறதும் அதே வாரங்கள். அதை விட்டுக்கொடுத்துட்டு நவம்பர் மாசம் மழையில போய் உட்காரவா வாங்குறோம்? வர்ற வாடகையிலயும் பார்க் ஒரு பங்கு எடுக்கும், துப்புரவுக்கு ஒரு பங்கு போகும், வரிக் கணக்குலயும் காட்டணும். சைட் ஃபீஸ்ல ஒரு பகுதி வேணா தேறும்.

ஒருத்தருக்கு மட்டும் இது சரியா இருக்கலாம். ரிட்டயர் ஆனவங்க, கடன் எதுவும் இல்ல, கடலுக்கு ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க, வருஷத்துக்கு 100 ராத்திரி தங்குவாங்க. அவங்களுக்கு ஒரு ராத்திரி 100 பவுண்டு. அதை சந்தோஷத்துக்கான செலவுன்னு தெரிஞ்சு பண்ணா யாரும் குறை சொல்ல முடியாது.

மில் தொழிலாளிங்க என்ன பண்ணாங்க?

இந்தக் கடற்கரை ஊர்களை வளர்த்துவிட்டது பணக்காரங்க மட்டும் இல்ல. லங்காஷயர் பருத்தி மில்லுகள் வருஷத்துல ஒரு வாரம் மொத்தமா மூடுவாங்க. வேக்ஸ் வீக்னு பேரு. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். ஊரே ரயில் ஏறி பிளாக்பூல் போகும். அந்த வாரத்துக்குப் பலருக்கும் சம்பளமே கிடையாது. அப்புறம் எப்படிப் போனாங்க? 'கோயிங் ஆஃப் கிளப்'னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. வருஷம் பூரா வாராவாரம் சில்லறை சில்லறையா கட்டி, லீவு வாரத்துல மொத்தமா வாங்கிப்பாங்க. நம்ம ஊர் தீபாவளிச் சீட்டேதான்!

1936-ல பில்லி பட்லின் தன்னோட முதல் ஹாலிடே கேம்ப்பைத் திறந்தது இதே ஸ்கெக்னஸ்லதான். ஒரு வாரச் சம்பளத்துல ஒரு வார விடுமுறைங்கிறதுதான் அவரோட விளம்பரம். 1938-ல சம்பளத்தோட விடுமுறைக்கான சட்டமும் வந்துச்சு. அந்தத் தொழிலாளிங்க கடற்கரையில எதையும் சொந்தமா வாங்கல. சேர்த்தாங்க, போனாங்க, ஆசை தீரச் செலவு பண்ணாங்க, கடன் இல்லாம திரும்பி வந்தாங்க. மெரினாவுக்குப் போனா சுண்டல் வாங்குவோம், சுண்டல் வண்டியையா வாங்குவோம்?

அப்போ எப்படிப் போகலாம்?

முதல்ல, ஒரு சீட்டு போடுங்க. பேங்க் ஆப்ல தனியா ஒரு சேமிப்புப் பை திறந்து 'கடல்'னு பேர் வைங்க. வாரம் 25 பவுண்டு தானா போற மாதிரி வெச்சா வருஷத்துக்கு 1,300 பவுண்டு.

ரெண்டாவது, பட்லின் ரூலை உச்சவரம்பா வெச்சுக்கோங்க. கைக்கு வர்ற மாசச் சம்பளம் 3,900-ன்னா, வாரத்துக்கு 900. ஒரு வார விடுமுறைக்குத் தங்குறது, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து அதைத் தாண்டக் கூடாது.

மூணாவது, தேதிதான் விலை. ஆனா அதுக்காக ஸ்கூலுக்கு மட்டம் போட்டுடாதீங்க. இங்கிலாந்துல அனுமதி இல்லாம கூட்டிட்டுப் போனா, ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மா ஒவ்வொருத்தருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள்ள கட்டலைன்னா 160. லெஸ்டர்காரங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. இங்கே கோடை லீவு மத்த ஊர்களை விட முன்னாடியே ஆரம்பிச்சிடும். ஜூலை மாசம் அந்த முதல் நாட்களைப் பிடிங்க. மத்தவங்க, வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில காலையில போய் ராத்திரி திரும்புங்க.

நாலாவது, ரயில்ல போறவங்க ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுங்க. பெரியவங்க டிக்கெட்ல மூணுல ஒரு பங்கும், 5 முதல் 15 வயசுப் பிள்ளைங்க டிக்கெட்ல 60%-ம் குறையும். நாட்டிங்ஹாம்ல இருந்து ஸ்கெக்னஸுக்கு நேர் ரயிலே இருக்கு.

மணலுக்கும் அலைக்கும் டிக்கெட் கிடையாது. பார்க்கிங், சிப்ஸ், 2 பென்ஸ் மெஷின், இதுலதான் காசு கரையும். அதுக்கு மட்டும் பிள்ளைங்க கையில ஒரு தொகையைக் கொடுத்துட்டு, அதோட முடிச்சுக்கோங்க.

மறுநாள் காலையில பார்க் ஆபீஸ்ல "வேண்டாம்"னு சொல்லிட்டு வந்தோம். பொண்ணு கார்ல கொஞ்ச நேரம் பேசல. அந்தக் காசு இந்த வருஷம் வீட்டுக் கடனுக்குப் போச்சு. ஜூலையில மறுபடியும் அதே கரைக்குப் போனோம், வேற பார்க்ல, வேற கேரவன்ல. அங்கேயும் தனக்கு எந்த ரூம்னு அவதான் முடிவு பண்ணா.

உங்கள்ல யாராவது கேரவன் வாங்கியிருந்தா, உங்களுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல போடுங்க. என் கணக்கு தப்புன்னா அடுத்த வீடியோவுல நானே சொல்லித் திருத்திக்கிறேன்.