இளங்கோயிலும் மலைவீடும்

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரி மலைச்சரிவுகளில் வாழும் முதியோர் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ஒன்று, கந்த சஷ்டி விரதத்தைப் பற்றியது. மற்றொன்று, வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரைப் பற்றியது. முதற்பேச்சு மகிழ்ச்சியில் முடியும். இரண்டாவது பெரும்பாலும் மனத்தாங்கலில் முடியும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ பணிபுரியும் மகன் தொலைபேசியில், "மழை ஓயும்வரை இங்கே வந்து இருங்கள், அப்பா" என்பான். தந்தையோ, "நாற்பது வருஷம் பார்க்காத மழையா? அம்மா விளக்கை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டாள்" என்று பேச்சை முடித்துவிடுவார். மகனுடைய அச்சமும் நியாயமானது. பெற்றோருடைய பற்றும் நியாயமானது. இவ்விரண்டையும் இணைக்கும் வழி நம்முடைய ஆலய மரபிலேயே இருக்கிறது.

முதலில் மழையைப் பற்றிச் சிறிது காண்போம். நீலகிரி இரண்டு பருவமழைகளையும் பெறும் மலை. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சிப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவம் முக்கியமானது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவம் முக்கியமானது. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட நிலச்சரிவில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடித்துச் செல்லப்பட்டது. 2009 நவம்பர் 10ஆம் நாள் பதிவான கணக்கின்படி, உதகைக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்டது அது. அந்த மழையில் மலையெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கிக் கொண்டிருந்தபோதே மண்ணில் புதைந்தோரும் அவர்களுள் உண்டு.

"நாற்பது வருஷம் தாங்கிய வீடு இன்னும் நாற்பது வருஷம் தாங்கும்" என்னும் நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்த இரவே சாட்சி. மலையின் அடியிலுள்ள பாறை உறுதியானது. ஆனால் அதன்மேல் போர்வையாகக் கிடக்கும் மண், பாறை உளுத்து உருவானது, களிமண் மிகுந்தது. தொடர்மழையில் நீரை உறிஞ்சி அம்மண் கனக்கிறது. உள்ளே தேங்கிய நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. வெட்டிச் சமன்செய்த சரிவும், அடைபட்ட வடிகாலும், கட்டடங்களின் பாரமும் சேரும்போது நிலம் நழுவுகிறது. மலையகங்களுக்கென்றே 1993இல் தனிக் கட்டட விதிகள் வகுக்கப்பட்டதற்கும் இத்தகைய இடர்களே பின்னணி.

ஆகவே மலைவீட்டின் பராமரிப்பு என்பது அழகைக் காப்பது அன்று, உயிரைக் காப்பது. இதில் நம் முன்னோர் காட்டிய நெறி மிகத் தெளிவானது. கருங்கல்லால் ஆன திருக்கோயிலையே அவர்கள் அழிவற்றதாகக் கருதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்று வைத்தார்கள். மூலவரைப் பீடத்தில் நிலைநிறுத்தும் அஷ்டபந்தன மருந்தும் காலப்போக்கில் தளரும் என்பதை அறிந்து அதைப் புதுப்பிக்கச் செய்தார்கள். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்க்கும் அம்மருந்து, தெய்வத்தின் இருப்பிடத்திற்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

நீலகிரியின் தொல்குடியினரான தோடர்களும் இதையே வேறு விதத்தில் செய்துவருகிறார்கள். உதகை அருகே முத்தநாடு மந்தில் அவர்களுடைய கோயில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கிறது. மூங்கில், பிரம்பு, சதுப்பு நிலத்தில் விளையும் ஒருவகைப் புல் ஆகியவற்றால் ஆனது அதன் கூரை. புல் மட்கும்போது அம்மக்கள் கூடிப் பழையதைக் களைந்து புதிதாக வேய்கிறார்கள். அவர்களுக்கு அது கூலி வேலை அன்று, வழிபாடு.

சைவ மரபிலும் இதற்குக் குறைவில்லை. திருவதிகையில் திருக்கோயிலைப் பெருக்கி மெழுகித் தொண்டு செய்தவர் திலகவதியார். அவர் தம்பி திருநாவுக்கரசர் தம் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரம். புல் செதுக்குவதையும் பாதை சீரமைப்பதையும் பாடுவதற்கு நிகரான பணியாகக் கொண்டவர் அவர். அவர் வழியில் நிற்போர் தம் வீட்டு வடிகாலில் அடைந்த சருகை அகற்றுவதைத் தாழ்ந்த வேலையாக எண்ண முடியாது.

அந்த உழவாரப் பணியைப் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவது நன்று. முதலாவது, தடுப்புச் சுவர். சுவரில் ஆங்காங்கே விடப்பட்டிருக்கும் சிறு துளைகள், பின்னாலுள்ள மண்ணில் தேங்கும் நீர் வெளியேறுவதற்கானவை. அழகு கருதி அவற்றைச் சிமெண்டால் பூசி அடைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வாறு செய்தால் நீரின் அழுத்தம் முழுவதையும் சுவரே தாங்க நேரும். வேரும் மண்ணும் அடைத்திருந்தாலும் ஒரு கம்பியால் குத்தி வழி திறந்துவிட வேண்டும். இரண்டாவது, வடிகால். கூரைநீரும் சமையலறை நீரும் வீட்டின் பின்சரிவில் ஊறாமல், கட்டிய வாய்க்கால் வழியே கீழே செல்ல வேண்டும். தம் வீட்டு நீரைக் கீழ்வீட்டாரின் மேட்டில் திருப்பிவிடுவது மலையில் பெரும்பாவம்.

மூன்றாவது, விரிசல். சுவரில் விரிசல் கண்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைக்கலாம். அகலத்தையும் அளந்து குறிக்கலாம். ஒரு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் பூச்சு வேலையால் பயனில்லை. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு திடீரென இறுகுவது, முற்றத்துத் தரை பிளப்பது, வேலிக் கம்பமும் மரமும் சாய்வது, தெளிந்து வந்த ஊற்றுநீர் கலங்கி வருவது ஆகியவை நிலம் நகர்வதன் அறிகுறிகள். ஈரத்தில் மரக்கதவு உப்புவது இயல்பே. ஆயினும் இவற்றுள் இரண்டு ஒருசேரத் தோன்றினால் காத்திருத்தல் தகாது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பூசையறைக் கதவருகே ஒட்டிவைப்பது நலம்.

வீட்டின் உள்ளேயும் கவனிக்க வேண்டியவை உள. தகரக் கூரையில் ஆணி துருப்பிடித்த இடங்களில்தான் ஒழுக்கு தொடங்குகிறது. ஆனால் அறுபதைக் கடந்தவர்கள் ஏணியில் ஏறிக் கூரையைச் சோதிப்பது வேண்டாம். ஆளுக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி, உடைந்த இடுப்பெலும்பின் செலவைவிட எத்தனையோ மடங்கு குறைவு. பாசி படிந்த படிகளைப் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவி, கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்திவிட வேண்டும். மண்ணாலும் சுண்ணாம்பாலும் கட்டிய பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை கரியடுப்பைப் பற்றியது. மார்கழிக் குளிரில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் நாள்களில், கரிக்கனலைப் படுக்கையறைக்குள் வைத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு உறங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலே உயிர் பிரிகிறது. இவ்வகைச் செய்திகள் மலையிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. புகைபோக்கியுள்ள கணப்பாயினும் அதைப் பருவத்திற்கு முன் தூய்மை செய்ய வேண்டும். உறங்கும் அறையில் நெருப்பே கூடாது. கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டுமே என்னும் கேள்வி எழும். ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வீட்டின் பெயரால் தனியே தொடர் வைப்பில் இட்டுவருவது பழகிய வழி. கோயிலுக்குத் திருப்பணி உண்டியல் இருப்பதுபோல் வீட்டுக்கும் ஓர் உண்டியல். சுவர் சாய்ந்தபின் கடன் வாங்குவதைவிட, சாய்வதற்கு முன் சேமிப்பிலிருந்து செலவிடுவது மலிவு.

இனி, தொடக்கத்தில் கண்ட மனத்தாங்கலுக்கு வருவோம். எல்லாப் பராமரிப்பும் செய்தபின்னும், மிகக் கனமழை எச்சரிக்கை வரும் நாள்களில் சரிவான இடத்திலுள்ள வீட்டை விட்டு நீங்குவதே அறிவு. அப்போதுதான் பெரியவர்களின் மனம் தடைசெய்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, குலதெய்வத்தின் படத்தைத் தனியே விட்டுவிட்டு ஊர் மாறுவது குற்றம் என்று தோன்றுகிறது.

ஆனால் திருக்கோயிலில் திருப்பணி தொடங்கும்போது என்ன செய்கிறார்கள்? பாலாலயம் அமைக்கிறார்கள். மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசநீரிலும் மரப்பலகையில் எழுதிய திருவுருவிலும் எழுந்தருளச் செய்து, தற்காலிகமான சிறு சந்நிதியில் வைத்து நாள்பூசையைத் தொடர்கிறார்கள். பணி நிறைவுற்றதும் குடமுழுக்கோடு மீண்டும் கருவறைக்கு எழுந்தருளுவிக்கிறார்கள். தமிழில் இதற்கு இளங்கோயில் என்று பெயர். திருவாரூர் மாவட்டத்தில் பேரளம் அருகேயுள்ள திருமீயச்சூரில் இளங்கோயில் என்னும் பெயருடனேயே ஒரு தலம் அப்பர் பெருமானின் பாடல் பெற்று விளங்குகிறது. பாலாலயத்தில் இருக்கும் காலத்தில் இறைவனுடைய பெருமை அணுவளவும் குறைவதில்லை. வீட்டை விட்டு ஓடியவர் என்று எவரும் அவரைச் சொல்வதில்லை. பக்தர்கள் அங்கே சென்று அதே அன்போடு தொழுகிறார்கள்.

இறைவனே ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை மனிதர் ஏற்பதில் என்ன இழுக்கு? விளக்கையும் படத்தையும் நித்திய பாராயணப் புத்தகத்தையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு மகன் வீட்டிற்கோ, மேட்டுப்பாளையத்திலுள்ள உறவினர் வீட்டிற்கோ, அதற்கும் நேரமில்லையெனில் அரசு திறந்துள்ள நிவாரண முகாமிற்கோ செல்வது தோல்வி அன்று. அது அவர்களுக்கான பாலாலயம். விளக்கு எங்கே ஏற்றப்படுகிறதோ அதுவே பூசையறை.

பிள்ளைகளுக்கும் இதில் கடமை உண்டு. "வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் ஆணையிடுவது எளிது. புரட்டாசியில் ஒரு வார இறுதிக்கு மலைக்கு வந்து, ஆள் வைத்து வடிகாலைத் திறந்து, கூரையைச் சரிபார்த்து, தடுப்புச் சுவரைத் தந்தையோடு சேர்ந்து சுற்றிப் பார்ப்பது உண்மையான அக்கறை. தங்கள் நகரத்து வீட்டில் அம்மாவின் விளக்குக்கென்று ஒரு மாடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் அழைப்புக்குப் பொருள் பிறக்கும். அருகிலுள்ள கோயிலின் நடைதிறக்கும் நேரத்தை விசாரித்துச் சொன்னால் பாதித் தயக்கம் அப்போதே கரைந்துவிடும். மழை ஓய்ந்ததும் திரும்ப மலையில் கொண்டுவந்து விடுவேன் என்னும் உறுதிமொழியும் வேண்டும். பாலாலயத்தின் சிறப்பே மூலவர் மீண்டும் தம் இடம் சேர்வதில்தான் இருக்கிறது. "வீட்டை விற்றுவிடலாம்" என்ற பேச்சை மழைக்காலத்தில் எடுக்காதிருப்பது பிள்ளைகளுக்கு அழகு.

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் வீடு திரும்பி, சுவரைச் சுற்றிப் பார்த்து, பென்சில் கோடுகள் அப்படியே இருப்பதைக் கண்டு, வாசல் தெளித்துக் கோலமிட்டு விளக்கேற்றும் அந்தக் காலைப்பொழுது, ஒவ்வொரு மலைவீட்டுக்கும் ஒரு சிறு குடமுழுக்கு. அந்தக் காலையைக் காண முதியவர்கள் நலமாக இருக்க வேண்டும். அதற்காகச் சில நாள்கள் இளங்கோயிலில் தங்குவதைத் தெய்வமும் மகிழ்ந்தே ஏற்கும்.