அறுவையோ அறுவை!

தமிழில் ‘ரம்பம்’, ‘பிளேடு’, ‘அறுவை’ மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான்: ஆபீஸில் உங்கள் பக்கத்து ஸீட்காரர். இந்த வாரம் நான் சொல்லப்போவது நிஜ ரம்பம். கரன்ட்டில் ஓடுவது. ஆகவே யாரும் எழுந்து ஓட வேண்டாம்.

பாகூர் பக்கம் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்து, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பலா, முந்திரி என்று வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தைக் கையால் அறுத்து மாளாது என்று 20,000 ரூபாய் போட்டு ஒரு டேபிள் ரம்பம் வாங்கினார். தானே கொடுத்ததை ஃபெஞ்சல் பிடுங்கப் பார்த்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். மோட்டார் முங்கி எழுந்தது.

“ரிப்பேரா, புதுசா? நீதான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு தம்பி” என்றார். இப்படி யாராவது கேட்பார்களா என்று டிகிரி வாங்கிய நாளாகக் காத்திருக்கிறேன்.

வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு வருஷா வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம். மிச்சத்தில் 15, அந்த மிச்சத்தில் 15. பன்னிரண்டு வருஷம் கழித்தால் 20,000 ரூபாய் 2,845 ஆகி நிற்கும். என்ன கழித்தாலும் பூஜ்யம் மட்டும் வராது. பங்காளி மனஸ்தாபம் மாதிரி. குறையும், தீராது.

“2,845-க்கு யாராச்சும் வாங்கிப்பாங்களா?”

“மாட்டாங்க அண்ணே. அது புஸ்தகத்து விலை.”

“அப்ப புஸ்தகத்தை மூடு. மெஷினைப் பாரு.”

அண்ணன் செய்த நல்ல காரியம், தண்ணீர் வடிந்ததும் சபலப்பட்டு சுவிட்சைத் தட்டாதது. தட்டியிருந்தால் காயில் புகைந்து, திரும்பக் கட்டுகிற செலவு ஆயிரக்கணக்கில் போயிருக்கும். மோட்டாரைப் பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, நாள் கணக்காகக் காயவைத்து, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெக்கர் வைத்துப் பார்த்தார். காயில் பிழைத்துவிட்டது. பேரிங் இரண்டு, கெபாசிட்டர் ஒன்று, மொத்தம் 900 ரூபாய். புது மெஷின் 45,000. ரிப்பேர் செலவு புதுசு விலையில் பாதியைத் தாண்டினால்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு வழக்குக் கணக்கு உண்டு. இது பாதி என்ன, பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ரிப்பேர். சுபம்.

சுபம் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணி சுற்றிய கையால் பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ‘டக், டக்.’ பிளேடு மாட்டுகிற ஷாஃப்ட்டுக்கும் பேரிங் புதுசு போட்டாச்சு. ஆனாலும் ஆட்டம். பேரிங் உட்காருகிற வீடே தேய்ந்துபோயிருக்கிறது. லேத்காரர், “புஷ் போட்டுத் தரேன், 2,500 ஆகும். கியாரண்டி மட்டும் கேக்காதீங்க” என்றார்.

பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், அதன் பல் போகிற வேகம் மணிக்கு 134 கிலோமீட்டர். மித வேகப் பந்து. ஆனால் ஓவர் முடியாது. அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால், பலகை அதே வேகத்தில் ஆள் மேல் திரும்பி வரும். பிளவு மூடாமல் காக்க, பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு வேண்டும். இந்தப் பழசில் அது கிடையாது.

1999-ல் ஸ்டீபன் காஸ் என்கிற அமெரிக்கர், தோல் பட்டதும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் நிற்கிற ரம்பத்தைக் கண்டுபிடித்தார். நின்ற பிறகு பிரேக்கும் பிளேடும் புதுசு வாங்க வேண்டும். விரல் பழசே போதும்! அதன் விலைக்கு நம் அண்ணன் பட்டறையையே விற்க வேண்டியிருக்கும்.

“நான் மட்டும்னா இதை வெச்சே ஓட்டிடுவேன் தம்பி. பையன் இப்பத்தான் பட்டறைக்கு வரான்” என்றார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. அது கைரம்பக் காலத்துக் கதை இல்லை.

அதற்கு மேல் என்ன கணக்கு? பின்னால் தகடு வைத்த புது மெஷின் வந்துவிட்டது. 45,000-ஐ 12 வருஷத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் சொச்சம். பெல்ட்டில் ஓடுகிற ரம்பம் என்பதால் பழைய மோட்டார் தனியாகக் கழன்றது. அதில் சாணைக்கல் மாட்டி உளி தீட்டுகிறார்கள். 900 ரூபாயும் வீணில்லை.

உங்கள் வீட்டு மிக்ஸி, மொபெட், மேசை ஃபேன் எல்லாவற்றுக்கும் இதுதான் சூத்திரம். எத்தனை வருஷப் பழசு என்று கேட்காதீர்கள். ஆட்டம் எங்கே இருக்கிறது, நின்றால் யார் கை போகும் என்று பாருங்கள். மானேஜர்களுக்கும் பொருந்தும். என்ன, அவர்களை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆட்டிப் பார்க்க முடியாது.