நம் பிள்ளைகளின் பேச்சு புரியும் கணினி வேண்டும்

பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டப் பாடசாலை மாணவி இன்று கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் சந்தேகம் கேட்கலாம்; பதிலும் தமிழிலேயே வரும். கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீராத பதுளை மாவட்டத்துக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால், அந்தப் பதில் அவளது பாடத்திட்டத்துக்குப் பொருந்துமா, அவள் பேச்சு அந்தக் கருவிக்கு விளங்குமா என்று பார்க்காமல் அதைப் பாடசாலைக்குள் விடக்கூடாது.

நமது விஞ்ஞானப் பாடநூலில் ‘திணிவு’ கிலோகிராமில் அளக்கப்படுகிறது, ‘நிறை’ நியூட்டனில். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ கிலோகிராமில் அளப்பதே ‘நிறை’. நியூட்டனில் அளப்பது ‘எடை’. இணையத் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுடையது. அதைக் கற்றுத் தேர்ந்த கருவி, சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளையின் சரியான விடையையே பிழையென்று திருத்தக்கூடும். கேட்டுத் தெளிய விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பிள்ளை அதை நம்பிவிடும்.

உரையாடிக் கற்பிக்கும் கணினி புதிதல்ல. 1970இல் ஹைமே கார்பொனெல் உருவாக்கிய ‘ஸ்காலர்’, தென் அமெரிக்கப் புவியியலை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் கற்பித்தது. பின்னர் அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஆட்டோடியூட்டர்’, மாணவர் எப்படியெல்லாம் பிழையாக விளங்கிக்கொள்வார் என்பதை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தது. அவர் சொந்த வார்த்தையில் தரும் விளக்கத்தை அதோடு ஒப்பிட்டு, விடையை உடனே சொல்லாமல் முதலில் குறிப்புக் கொடுத்தது. இத்தகைய கருவியின் உயிர் அந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை பண்டாரவளையிலும் ஹாலிஎலயிலும் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் ஆசிரியர்களே அறிவார்கள். கொழுந்து நிறுவையையும் ‘அரைப்பேர்’ எனப்படும் அரைநாள் சம்பளத்தையும் கொண்டு விகிதசமனை விளக்க அவர்களால்தான் முடியும்.

முதலில் ஆசிரியரை நியமியுங்கள் என்ற வாதம் நியாயமானது. நியமனத்தைத் தள்ளிப்போட இக்கருவி ஒரு சாக்காகிவிடக் கூடாது. ஆனால், வெற்றிடங்கள் நிரம்பும்வரை பிள்ளைகளின் பரீட்சை காத்திருக்காது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே, கல்வி அமைச்சும் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களமும் உடனே இறங்க வேண்டும். சிங்கள–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பில் உழைத்த மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தையும், பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும், தோட்டப் பாடசாலை ஆசிரியர்களையும் ஒரே மேசையில் அமர்த்த வேண்டும். நமது பாடநூல்களின் கலைச்சொற்களைக் கருவிக்கு ஊட்ட வேண்டும். பிள்ளைகளின் பேச்சு அதற்கு விளங்க, அவர்கள் பேசுவதைப் பெற்றோரின் சம்மதத்தோடு மட்டுமே பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவுகள் எந்த நிறுவனத்துக்கும் விற்கப்படாமல் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். 2021இல் லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகச் சிக்னல் தேடிக் காட்டு மரவீட்டில் ஏறியதை மறக்கலாகாது. இணைப்பு இல்லாத போதும் பாடசாலைக் கணினியில் இக்கருவி இயங்க வேண்டும்.

விலைக்கு வாங்கும் கருவி எதுவானாலும், முதலில் ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் தரம் 10 மாணவர்கள் அதைச் சோதிக்கட்டும். அங்கே தேறாத கருவிக்கு மாகாண நிதியிலிருந்து ஒரு சதமும் போகக்கூடாது.